ஜப்பானியர் வாழ்வும் அயலார் கண்ணும்

பேராவூரணியிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை அறந்தாங்கியைக் கடந்து காரைக்குடியை அடைகிறது. காரைக்குடிக்கு அருகே கோட்டையூர் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த அ. கருப்பன் செட்டியாரைத்தான் தமிழுலகம் ஏ. கே. செட்டியார் என்ற பெயரால் அறியும். மகாத்மா காந்தியின் வாழ்வைப் பற்றி உலகெங்கும் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி, 1940ஆம் ஆண்டு ஒரு செய்திப்படத்தை வெளியிட்டவர் அவர். ‘குமரி மலர்’ என்னும் திங்களிதழை 1943 முதல் நடத்தியவர். ஆனால், இன்று நான் அவரை நினைவூட்டுவது வேறொரு காரணம் பற்றி. வசதியுள்ள தமிழ் இளைஞர் மேற்படிப்பு என்றவுடன் இலண்டனை நோக்கிக் கப்பலேறிய 1930களில், இவர் புகைப்படக் கலை பயிலும் பொருட்டு டோக்கியோ நகருக்குச் சென்றார். மேற்கே போகாமல் கிழக்கே போனார். கற்றுக்கொண்டு வந்ததோடு நில்லாமல், ஜப்பானைப் பற்றித் தமிழில் நூலும் எழுதினார். பின்னர் 1940ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘உலகம் சுற்றும் தமிழன்’ பலராலும் படிக்கப்பெற்றது.

செட்டியாரின் நடை மிகவும் எளிது. சிறு சிறு வாக்கியங்கள். அடைமொழிகள் அருகியே வரும். கண்டதைச் சொல்லுவார், கண்டதால் தமக்கு உண்டான பரவசத்தைச் சொல்லமாட்டார். புகைப்படக் கருவியைக் கையாண்டு பழகியதனால் வந்த குணமோ என்று நான் எண்ணுவதுண்டு. படம் எடுப்பவன் தானெடுக்கும் படத்தில் இருப்பதில்லை அன்றோ! பயண நூல் என்ற பெயரில் ஊரைக் காட்டாமல் தம்மையே காட்டிக்கொள்ளும் எழுத்தாளர்கள் நம்மிடையே மிகுந்துவிட்ட இந்நாளில், மாணவர்கள் அவருடைய பக்கங்களைத் தேடிப் படித்தல் நலம்.

அயல்நாட்டான் ஒருவன் ஜப்பானியரின் அன்றாட வாழ்வில் முதலில் காண்பது யாது? வாயிற்படியிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. காலணியைக் கழற்றாமல் வீட்டினுள் நுழைதல் கூடாது. ஐரோப்பியர் எழுதிய நூல்களில் இது ஒரு பெரும் வியப்பாகக் குறிக்கப்படுகிறது. நமக்கு இதில் என்ன வியப்பு? நம் திண்ணையோரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போவது போன்றதுதான். ஆகவே, ஒரே பொருளைக் காணும் இரு பிரயாணிகளுள் ஒருவர் வியப்பதும் மற்றவர் வியவாமல் கடந்து செல்வதும், காணப்படும் பொருளைப் பற்றி அல்ல, காண்பவரைப் பற்றியே நமக்கு அதிகம் சொல்லுகின்றன.

உள்ளே சென்றால் தரையெங்கும் பாய். ‘தத்தாமி’ எனப்படும் அப்பாயைக் காவிரிக் கரையில் பிறந்தவன் கூர்ந்து பார்க்க வேண்டும். அதன் உள்ளீடு நெல்வைக்கோல். வைக்கோலை அடுக்கி இறுக்கித் தைத்து, அதன்மேல் கோரை போன்ற ஒருவகைப் புல்லால் நெய்த விரிப்பைப் போர்த்திச் செய்வது அது. ஒரு பாய் ஏறத்தாழ 6 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்டது. அறையின் அளவையும் அவர்கள் அடிக்கணக்கில் சொல்லாமல், ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்றே சொல்லுவார்கள். அறுவடை முடிந்த வயலின் வைக்கோல் அவர்கள் வீட்டுத் தரையாயிற்று. பழங்காலத்தில் வழிநடைக்குச் செருப்பாயிற்று. கோயில் வாயிலில் புனிதத்தைக் குறித்துத் தொங்கும் பெருங்கயிறும் ஆயிற்று. நாம் வைக்கோலை மாட்டுக்கு இட்டோம், கூரை வேய்ந்தோம், பிரி முறுக்கினோம். எஞ்சியதை அவர்கள் அளவுக்கு நாம் சிந்திக்கவில்லை என்றே தோன்றுகிறது.

நெல்லைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டபடியால் இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் மூட்டையில் இருப்பதும் இலையில் விழுவதும் பெரும்பாலும் ஒரே சொல்லால் வழங்கப்பெறும். நாம் நெல், அரிசி, சோறு என்று பிரித்துச் சொல்லுகிறோம். ஜப்பானியரும் அவ்வாறே, பயிரை ‘இனே’ என்றும், அரிசியை ‘கோமே’ என்றும், சோற்றை ‘கோஹான்’ என்றும் வழங்குகின்றனர். மேலும், ‘கோஹான்’ என்ற சொல்லுக்குச் சோறு என்பதோடு உணவுவேளை என்ற பொருளும் உண்டு. காலை உணவுக்குப் பெயர் ‘காலைச் சோறு’ என்பதே. நெல்லை நம்பி வாழ்ந்த இரு மக்களின் நாக்குகள், ஒன்றையொன்று கேளாமலே, ஒரே வழியில் சென்றிருக்கின்றன. இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞரைப் போல் முடிவு கட்டிவிடலாமா? அவர் 1980களில் அக்கருத்தை விரிவாக எழுதினார். தமிழர் பலர் மகிழ்ந்தனர். ஆயினும், மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நமக்கு இனிப்பாக இருப்பதொன்றே ஒரு கருத்து மெய்யாவதற்குப் போதாது.

ஆனால், நெல்லில் உண்மையாகவே ஓர் உறவு ஏற்பட்டதுண்டு. 1950களின் தொடக்கத்தில் ‘ஜப்பானிய முறை நெற்சாகுபடி’ என்று இந்திய அரசு ஓர் இயக்கம் நடத்தியது. உயர்த்திய பாத்தியில் நாற்றுவிடுதல், கயிறு பிடித்து வரிசையாக நடுதல், உரமிட்டுக் களையெடுத்தல் ஆகியவை அதன் கூறுகள். பின்னர் 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ‘ஆடுதுறை 27’ என்ற குறுவை நெல் வெளிவந்தது. அதன் பெற்றோருள் ஒன்று நம் கிச்சிலிச் சம்பாவிலிருந்து பொறுக்கியெடுத்த ஜி.இ.பி. 24, மற்றொன்று ‘நோரின் 10’ என்னும் ஜப்பானிய நெல். எங்கள் பக்கத்து வயல்களில் அது பசேலென்று நின்ற காலத்தில் நான் சிறுவன். தஞ்சை மண்ணில் ஜப்பானிய வழித்தோன்றல் ஒன்று கதிர் விட்டு நிற்கிறது என்று அன்று எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

உண்ணத் தொடங்குமுன் ஜப்பானியர் கைகூப்பி ‘இத்தாதாக்கிமாஸ்’ என்பர். தாழ்மையுடன் பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். உண்டு முடித்தபின் சொல்லும் சொல்லில் ‘சிசோ’ என்றொரு பகுதி வருகிறது. அதன் எழுத்துகளுக்கு நேர்ப்பொருள் ஓடித் திரிதல். விருந்துக்காக அங்குமிங்கும் ஓடிப் பொருள் தேடியவரின் கால்களை நினைத்து நன்றி சொல்லும் சொல் அது. குளியலிலும் ஒரு முறை உண்டு. தொட்டிக்கு வெளியே அமர்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதன்பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்குதல் வேண்டும். ஏனெனில், வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவது அந்த ஒரே நீரில்தான். இதை அறியாத வெளிநாட்டார் சோப்புடன் தொட்டியில் குதித்து, வீட்டார் அனைவரின் குளியலையும் கெடுத்த கதைகள் பல உண்டு.

இனி, இவற்றையெல்லாம் ஆழ்ந்து நோக்கிய ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன். லஃப்காடியோ ஹெர்ன் 1850ஆம் ஆண்டு கிரேக்க நாட்டுத் தீவொன்றில் பிறந்தவர். தாய் கிரேக்கர், தந்தை ஐரிஷ்காரர். இளமையிலேயே இடக்கண்ணை இழந்தவர். அமெரிக்காவில் பத்திரிகைத் தொழில் செய்துவிட்டு, 1890இல் ஜப்பானை அடைந்து, மட்சுயே என்னும் ஏரிக்கரை ஊரில் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கிலம் கற்பித்தார். அந்த ஊரின் விடியலை அவர் எழுதியிருக்கும் பகுதி என் நெஞ்சை விட்டு அகலாதது. முதலில் அவர் கேட்பது அரிசி குத்தும் ஓசை. நீண்ட கட்டை ஒன்றின் ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையை உரலில் விழச் செய்வது அவர்கள் முறை. அவ்வோசையைக் காதால் கேட்பதற்கு முன் தலையணை வழியாக ஓர் அதிர்வாக உணர்ந்ததை அவர் குறிக்கிறார். அதன்பின் கோயில் மணி. காய்கறி விற்போரின் குரல். ஆற்றோரத்தில் முகங்கழுவி, உதிக்கும் கதிரவனை நோக்கிக் கைதட்டி வணங்குவோரின் ஓசை. இயந்திர ஆலைகள் வருமுன் நம் சிற்றூர்களில் விடியற்காலை உலக்கை ஓசை கேட்டு விழித்த முதியோர் எவரேனும் அதைப் படித்தால், அது எந்த ஊர் என்று ஒரு நொடி மயங்குவர்.

ஹெர்ன் தம் மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும்பொழுது ஒன்றைக் கவனித்தார். தலைப்பு ஒன்றாயின், பல மாணவர்களும் ஒரே உவமையை, ஒரே எண்ணத்தை எழுதியிருந்தனர். பார்த்து எழுதினரோ என்று ஐயுறுவது எம்மனோர் வழக்கம். அவர் அப்படி ஐயுறவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கேட்டு வளர்ந்த பாட்டும் ஓவியமும் அந்த உவமைகளை அவர்களுக்குள் முன்னரே வைத்திருந்தன என்று விளக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொங்கல் திருநாள் பற்றிய கட்டுரைகளைத் திருத்தியவன் நான். ‘உழுவார் உலகத்தார்க்கு ஆணி’ என்று தொடங்காத விடைத்தாளைக் கண்டால் எடுத்து இருமுறை படிப்பேன். ஹெர்னின் விளக்கத்தை முன்பே படித்திருந்தால் மதிப்பெண் இடுவதில் இன்னும் சற்றுத் தாராளமாக இருந்திருப்பேன்.

அவருடைய எழுத்துகளுள் ஜப்பானியரின் புன்முறுவலைப் பற்றிய கட்டுரை புகழ்பெற்றது. வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தியின் வீட்டில் வேலை செய்த பெண், ஒருநாள் சிரித்த முகத்துடன் வந்து, தன் கணவர் இறந்துவிட்டார் என்றும், ஈமச் சடங்குக்குச் செல்ல விடை வேண்டும் என்றும் கேட்டாள். மாலையில் திரும்பி வந்து, எலும்புச் சாம்பல் அடங்கிய கலத்தைக் காட்டி, இவர்தாம் என் கணவர் என்று சொல்லிச் சிரித்தாள். சீமாட்டி அருவருப்புற்றாள். இப்பெண்ணுக்கு நெஞ்சமே இல்லை என்று தீர்ப்பளித்தாள். ஹெர்ன் சொன்ன விளக்கம் இதற்கு நேர்மாறானது. என் துயரம் என்னுடையது. அதைக் காட்டி உம்முடைய மனத்தை நான் வருத்தலாகாது. நான் கேட்கும் செய்தி துயரமானதாயினும் அதன் சுமை உம்மீது விழ வேண்டாம் என்பதே அச்சிரிப்பின் பொருள். ஒப்பாரி வைத்து, மார்பில் அடித்துக்கொண்டு, ஊரையே கூட்டி அழும் நம் பெண்களின் துயரமும் மெய். அந்தச் சிரிப்பில் மறைந்த துயரமும் மெய். முகத்தைப் பார்த்து அகத்தைப் படிக்கலாம் என்பது நம் முகம் போன்ற முகங்களிடையே மட்டும் செல்லுபடியாகும் விதி.

ஹெர்ன் கொய்சுமி செட்சு என்ற பெண்மணியை மணந்து, 1896இல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாக்குமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார். டோக்கியோ பல்கலைக் கழகத்தில் கற்பித்தார். 1904இல் அங்கேயே இறந்தார். இத்தனைக்கும் ஜப்பானிய மொழியை அவர் முறையாகக் கற்றுத் தேறவில்லை. கணவனும் மனைவியும் தங்களுக்கென்று ஓர் உடைந்த மொழியை உண்டாக்கிக்கொண்டு பேசினர். அவள் சொன்ன பழங்கதைகளே அவருடைய பேய்க்கதைகள் ஆயின. அவருடைய குறை ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. அவர் காதலித்தது பழைய ஜப்பான். அவர் காலத்திலேயே எழுந்துகொண்டிருந்த ஆலைகளையும் படைகளையும் கண்டு முகஞ்சுளித்தார். விருந்தினன் விரும்பும் வீடு பழமை மாறாதிருக்க வேண்டும் என்பது விருந்தினனின் ஆசை. வீட்டுக்காரனுக்கு வேறு தேவைகள் இருக்கும்.

இன்றைய ஜப்பானிலிருந்து வரும் செய்திகளுள் நம் மாணவர்கள் பெரிதும் பேசுவது, அங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் துடைக்கிறார்கள் என்பது. உண்மைதான், பல பள்ளிகளில் நாள்தோறும் அதற்கென நேரம் ஒதுக்கப்படுகிறது. பணியிலிருந்த காலத்தில் நானும் இதைப் பின்பற்றிப் பார்த்தேன். முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது: துடைப்பம் எப்போதும் சில குறிப்பிட்ட தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளின் கைகளுக்கே போய்ச் சேர்ந்தது. நான் அப்படிப் பணிக்கவில்லை. ஆயினும், அப்படி நேர்ந்தது. மாணவத் தலைவர்கள் அறிந்தோ அறியாமலோ ஊரின் வழக்கத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்துவிட்டனர். மறுவாரம் பெயர்ப்பட்டியலின் அகரவரிசைப்படி முறைவைத்து, முதல் நாள் துடைப்பத்தை நானே எடுத்தேன். இரண்டு பெற்றோர் வந்து சண்டையிட்டனர். எந்தத் தெருவினர் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஜப்பானிலும் தோல் தொழில் முதலியவை செய்தோரை இழிந்தோராக ஒதுக்கிய கொடுமை நெடுங்காலம் இருந்தது. 1871இல் சட்டத்தால் அது நீக்கப்பட்டும் எச்சம் நீடித்தது. எனவே, அவர்கள் பிறவியிலேயே நம்மினும் மேலானவர் என்று எண்ண வேண்டுவதில்லை. எல்லாக் கைகளும் ஒரே துணியைப் பிடிக்கும் என்ற ஏற்பாடு இல்லாவிடில், அங்கே பழக்கமாக இருப்பது இங்கே தண்டனையாகிவிடும்.

இரவீந்திரநாத தாகூர் 1916ஆம் ஆண்டு மே மாதம் ‘தோசா மாரு’ என்ற கப்பலில் ஜப்பானுக்குப் புறப்பட்டார். அப்பிரயாணத்தைப் பற்றி அவர் வங்காளியில் எழுதிய நூல் 1919இல் வெளிவந்தது. இம்மக்கள் வீண்கூச்சலிலும் சச்சரவிலும் தம் ஆற்றலைச் சிந்துவதில்லை என்பதை அவர் கண்டார். அறையில் பொருள்களைக் குவிக்காமல் வெறுமையை விட்டுவைக்கும் அவர்களின் அழகுணர்ச்சியைப் போற்றினார். அதே மூச்சில், மேலைநாடுகளைப் பார்த்து அவர்கள் மேற்கொண்டுவரும் தேசிய வெறியைக் கண்டித்து, அந்நாட்டிலேயே நின்று சொற்பொழிவாற்றினார். வந்தபோது திரண்ட ஆரவாரம் அதன்பின் தணிந்துவிட்டது. சீனாவின் மீது ஜப்பான் போர் தொடுத்ததை நியாயப்படுத்தி யோனே நொகுச்சி என்னும் ஜப்பானியக் கவிஞர் 1938இல் அவருக்கு எழுதியபோது, பழைய நட்பையும் கருதாமல் தாகூர் கடுமையாக மறுத்து விடை எழுதினார். பூ அடுக்கும் கலையை மெச்சிய கண்ணே படையின் போக்கையும் கண்டது.

இங்கேதான் எனக்கு ஒரு மாணவன் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஜப்பானியரின் பணிவையும் ஒழுங்கையும் நான் விவரித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, “ஐயா, எங்கள் தாத்தாவின் அண்ணனைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்ச் சாகடித்தவர்களும் இவர்கள்தாமா?” என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று.

இவர்கள்தாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலேயா முழுவதும் ஜப்பானியப் படையின் ஆட்சிக்கு உட்பட்டது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை ஒன்றைக் காட்டினூடே அமைக்கத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் அவர்களைப்போல் மூன்று மடங்கினர். அவர்களில் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருள் மிகப் பலர் தமிழர். போர்க்கைதிகளின் கல்லறைகள் இன்றும் வரிசையாகப் பேணப்பட்டுப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோருக்குக் குறித்துவைத்த பெயரே இல்லை.

அம்மாணவனுக்கு அன்று நான் நிறைவான விடை சொல்லவில்லை. பாடவேளை முடியும் மணி என்னைக் காப்பாற்றியது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது தோன்றியது இது: வாயிலில் காலணியைக் கழற்றுவதும், உணவுக்கு நன்றி சொல்வதும், துயரத்தைச் சிரிப்பால் மூடுவதும் பொய்யல்ல. ஹெர்ன் கண்டது மெய். செட்டியார் கற்றுத் திரும்பிய நகரமும் மெய். ஆனால், வீட்டுக்குள் பழகிய பணிவு, மேலிடத்திலிருந்து வந்த கட்டளைக்கும் அதே பணிவோடு தலை குனிந்தபோது, அதைத் தடுத்து நிறுத்தும் வேறொன்று அங்கே அக்காலத்தில் வலுப்பெற்றிருக்கவில்லை. 1936 பிப்ரவரியில் டோக்கியோவிலேயே இளம் படையதிகாரிகள் கலகம் செய்து அமைச்சர்களைக் கொன்றனர். கலகம் அடக்கப்பட்டது, படையின் செல்வாக்கோ வளர்ந்தது. அந்நாள்களில் அந்நகரத்து வீடு ஒன்றில் விருந்துண்ட அயலான், மென்மையான மனிதர்களையே கண்டிருப்பான். அன்றாட வாழ்வைக் காண்பவன் வீட்டைக் காண்கிறான். அரசாங்கம் பாய்மீது அமர்ந்து அவனோடு தேநீர் அருந்துவதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் மலேயாவிலிருந்து திரும்பிவந்த முதியவர் ஒருவர் இருந்தார். சயாம் ரயில் வேலையில் தப்பிப் பிழைத்தவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதே இல்லை. தென்னந்தோப்புகளில் காய் எண்ணுவது அவர் தொழில். எங்கள் பக்கத்தில் எண்ணத் தொடங்குபவர், ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார். அவரும் ‘லாபம், இரண்டு, மூன்று’ என்றே எண்ணுவார். களைப்பு மிகுந்த பிற்பகல்களில் மட்டும், தம்மை மறந்த நிலையில், அவர் உதடுகளில் வேறு எண்கள் வரும். காவலர் முன்னிலையில் வரிசையில் நின்று நாள்தோறும் சொல்லிப் பழகிய எண்கள் அவை என்பது எங்களுக்குப் பின்னரே தெரிந்தது. ‘இச்சி, நி, சான், சி...’ என்று சொல்லிக்கொண்டே காய்களை எடுத்துப் போடுவார். நாங்கள் பிள்ளைகள், அதை ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று எண்ணி, அவரோடு சேர்ந்து சொல்லுவோம். எங்கள் குரல் கேட்டதும் அவர் நிறுத்திவிடுவார். சிறிது நேரம் கையிலிருந்த காயைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ‘லாபம்’ என்று தொடங்குவார்.